தசை வளர எத்தனை நாள்?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய நமது சங்க வாலிபர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



எடை தூக்கும் அப்பியாசத்தில் புகுந்த நம் பிள்ளைகள் அநேகர், ஒரு மாதத்தில் புஜம் பருக்கவில்லையென்று மனஞ்சோர்ந்து விட்டுவிடுகின்றனர். சிலர் ஊசி மருந்தை நாடுகின்றனர். அது இருதயத்தையும் கல்லீரலையும் கெடுப்பது. முதற் சில வாரங்களில் பலம் மிகுவது, பெரும்பாலும் நரம்புகள் தசையை ஏவக் கற்பதனாலேயாம். தசை கண்ணுக்குப் புலப்பட வளர்வதற்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லும்.

சுமையோடு மலையேறும் நமக்கு இது எதற்கென்று பெரியோர் வினவுகின்றனர். நியாயமான கேள்வியே. ஆயினும் தினமும் ஒரே சுமையைத் தூக்கும் தேகம் அதற்கு மட்டுமே பழகி நின்றுவிடும். எடையைச் சிறிது சிறிதாய் உயர்த்தினாலன்றித் தசை மேலும் வளராது.

சாமைச் சோறு நன்று. அது மட்டும் போதாது. கொள்ளும் முட்டையும் சேர்த்துண்க. தேக எடையில் கிலோவொன்றுக்கு நாளொன்றில் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும்.

நம் மலைக்கு அணித்தாகிய வேலூரின் சதீஷ்குமார் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், இருவகைத் தூக்கிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார், 2018-இலும் வென்றார். அது ஒரு மாதத்து வேலையோ?

ஆடியில் தொடங்குவோர் இன்றே புஜத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் அந்த நாடாவோடு என்னிடம் வாருங்கள்.