நம் கதை யார் வாயில்?

(பெண்டாங்கில் குடும்பங்களுக்காக நடந்த படக்காட்சிக்கு முன் ஆற்றிய உரை)



வேலை முடிந்து வந்து, குளித்து, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் மூன்று பேராக இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். காலையில் மறுபடியும் வேலை இருக்கிறது. அதனால் நீட்டி முழக்காமல் பேசுகிறேன். படம் இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிடும்.

முதலில் பெரியவர்களிடம் ஒரு கேள்வி. தோட்டத்தில் படம் காட்டிய காலம் நினைவிருக்கிறதா? திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாய், சாக்கு என்று கையில் கிடைத்ததைக் கொண்டு போய் இடம் பிடிப்போம். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு மட்டும் எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார்! அதற்காக யாரும் எழுந்து போனதில்லை.

அந்தத் துணியில் ராஜா வந்தார், மந்திரி வந்தார், தெய்வம் வந்தது, படித்த டாக்டர் வந்தார். ஒரே ஒருத்தர்தான் வரவில்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போய் நின்று, பால்மரம் வெட்டி, வாளி தூக்கிய மனிதர் வரவில்லை. படம் பார்க்க வந்த நாம் அந்தப் படத்தில் இல்லை. அது நமக்குக் குறையாகவும் தெரியவில்லை.

குறை எங்கே தெரியும் என்றால், நம் கதையையே வேறு யாராவது சொல்லும்போது தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போன கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள்தான் திரும்பி வந்தார்கள். அந்தப் பாதையைப் பற்றி 1957-இல் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. ‘குவாய் நதிப் பாலம்’ என்று உலகமே பேசிய படம். 7 ஆஸ்கார் விருது வாங்கியது. அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. அந்தப் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் பல மடங்கு அதிகம் உழைத்தார்கள், அதிகம் செத்தார்கள். படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கதையை அவர்கள் எடுத்தார்கள். நம் கதையை யார் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் தேடப் போனால் திரைப்பட விழாக்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. விழா என்றால் நட்சத்திரங்கள் வந்து ஆடும் கலை நிகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். பல நாடுகளிலிருந்து படம் அனுப்புவார்கள். அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சில நாள் தொடர்ந்து காட்டுவார்கள். நடுவர்கள் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். பெரிய நடிகர் இருக்கிறாரா, எத்தனை கோடி போட்டார்கள் என்பதை வைத்து அங்கே மதிப்பு இல்லை. பாட்டு, சண்டை இல்லாத குடும்பக் கதைகளுக்கும் ஏழைகள் கதைகளுக்கும் அங்கேதான் முதலில் கதவு திறக்கும்.

அந்தக் கதவு நமக்கும் திறந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் தீபக் குமாரன் மேனன் என்ற மலேசிய இளைஞர் ‘செம்மண் சாலை’ என்று ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். 1960-களில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் பிள்ளைக்கு மேலே படிக்க ஆசை. இவ்வளவுதான் கதை. இதை விட நம் வீட்டுக் கதை வேறு என்ன இருக்கிறது? பிரான்ஸ் நாட்டில் நாந்த் என்ற நகரத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் படங்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் விழாவில், அதே ஆண்டு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பிரான்ஸ்காரர்கள் உட்கார்ந்து பார்த்த நம் தோட்டத்துக் கதையை இங்கே எத்தனை பேர் பார்த்தோம்? கை தூக்கச் சொல்லப் போவதில்லை. என் கையும் அப்போது கீழேதான் இருந்தது.

பத்து வருடம் கழித்து, 2015-இல் பிரான்ஸின் கான் விழாவில் ‘தீபன்’ என்ற படத்துக்கு அந்த விழாவின் மிகப் பெரிய பரிசான தங்கப் பனை கிடைத்தது. இயக்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். படத்தில் பேசுவது பெரும்பகுதி தமிழ். ஈழத்திலிருந்து தப்பித்துப் போகும் மூன்று பேர், ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள், ஒரே குடும்பம் என்று பொய்ப் பத்திரம் காட்டிப் பாரீஸ் பக்கம் போய்ப் பிழைக்கப் பார்க்கிறார்கள். அதில் முக்கிய வேடத்தில் நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரே சிறு வயதில் இயக்கத்தில் இருந்து, பிறகு அகதியாகப் பிரான்ஸ் போய்க் கூலி வேலைகள் செய்தவர்.

தமிழ்நாட்டில் இன்னொருவர், பி. எஸ். வினோத்ராஜ். மதுரைப் பக்கம். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். மதுரைப் பூச்சந்தையில் வேலை, திருப்பூரில் வேலை, பிறகு சென்னையில் ஒரு டிவிடி கடையில் வேலை. அந்தக் கடையில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சினிமா கற்றுக்கொண்டார். அவர் எடுத்த ‘கூழாங்கல்’, 2021-இல் ஹாலந்து நாட்டு ரோட்டர்டாம் விழாவில் முதல் பரிசான புலி விருதை வாங்கியது. குடிகார அப்பா, சின்னப் பையன், கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன அம்மா. அம்மாவை அழைத்து வர இரண்டு பேரும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படம். அந்தப் பையனின் மௌனத்தைப் பார்த்தால் நம் லயத்துப் பிள்ளைகள் ஞாபகம் வரும்.

இதையெல்லாம் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. கூலி வேலை செய்தவன், பள்ளியை விட்டவன், அகதியாகப் போனவன், இவர்களின் வாழ்க்கையும் படமாகும், அதை அவர்களே சொல்ல முடியும் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இன்று நாம் பார்க்கப் போகும் படம் ‘ஜகாட்’. மலாயில் ‘ஜஹாட்’ என்றால் கெட்டவன். அந்தச் சொல் நம் வாயில் ‘ஜகாட்’ ஆகிவிட்டது. ‘ஜகாட் பையன்’ என்று நாம் எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறோம்! சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இந்தப் படம் 2015 டிசம்பர் 17-இல் திரைக்கு வந்தது. அதே சமயத்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் வெளியானது. யானையோடு முயலை ஓடவிட்ட மாதிரி.

2016-இல் மலேசியத் திரைப்பட விழா வந்தது. அங்கே என்ன நடந்தது தெரியுமா? சிறந்த படத்துக்கான போட்டியைத் தேசிய மொழிப் படம், தேசிய மொழி அல்லாத படம் என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ‘ஜகாட்’, ‘ஓலா போலா’ போன்ற படங்கள் இரண்டாவது வரிசையில் போய் நின்றன. இந்த மண்ணில் பிறந்தவர்கள், இந்த மண்ணின் கதையை, இந்த மண்ணிலேயே எடுத்த படத்துக்குத் தனி வரிசை!

தனி வரிசை நமக்குப் புதிதா? எந்த வரிசையில் நிற்பது என்று முகப்பில் நின்று யோசித்த அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. ஆனால் இந்த முறை ஒன்று நடந்தது. எதிர்ப்புக் குரல் நம்மிடமிருந்து மட்டும் வரவில்லை. மலாய்க் கலைஞர்களும் எழுந்து நின்று கேட்டார்கள். நடிகரும் இயக்குநருமான அஃப்லின் சௌகி, தான் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுப்பதாகவே அறிவித்தார். இதை நாம் மறக்கக் கூடாது. நியாயத்துக்கு இனம் இல்லை. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை எல்லா மொழிப் படங்களுக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டதும் அந்த விருதை வாங்கியது எது? ‘ஜகாட்’!

சலுகை கேட்டு வாங்கிய விருது இல்லை இது. கதவைத் திறந்தார்கள், ஓடி ஜெயித்தது. உரிமை என்று நாம் பேசுவதெல்லாம் இதைத்தான். எங்களைத் தூக்கி விடு என்று கேட்கவில்லை. ஓடுகிற பாதையை மறிக்காதே என்றுதான் கேட்கிறோம்.

இப்போது படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு குடும்பம். அப்போய் என்று 12 வயதுப் பையன், தமிழ்ப் பள்ளியில் படிக்கிறான். குறும்புக்காரன், கற்பனைக்காரன். அப்பா உழைப்பாளி. பிள்ளை உருப்பட வேண்டும் என்ற பயத்தில் அடிக்கிறார். பையனுக்கு இரண்டு சித்தப்பா. ஒருவர் போதையில் விழுந்து எழுந்தவர். இன்னொருவர் குண்டர் கும்பலில் இருப்பவர். பையன் யார் பக்கம் சாய்வான்? இதுதான் படம்.

நம் பிள்ளைகள் என்றால் ‘கேங்ஸ்டர்’ என்று பேப்பரில் போடுகிறார்கள். பிடித்த செய்தி வரும், சுட்ட செய்தி வரும். அவன் எந்தத் தோட்டத்திலிருந்து, என்ன நிவாரணத்தோடு வெளியே வந்தான், எந்தப் புறம்போக்கு வீட்டில் வளர்ந்தான் என்பது வராது. பேப்பரில் வராத அந்தப் பாதியைத்தான் இந்தப் படம் காட்டுகிறது. நம்மையும் அது விட்டுவைக்கவில்லை.

நான் முதல் தடவை பார்த்தபோது பாதியில் தலை குனிந்துவிட்டேன். என் மகனுக்குப் பத்து வயது இருக்கும்போது கணக்குப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் படம் வரைந்து, கட்டம் கட்டமாகக் கதை எழுதி வைத்திருந்தான். ‘படிக்கிற புத்தகத்தில் கிறுக்குறியா’ என்று கிழித்து அடுப்பில் போட்டேன். அவன் அழவில்லை. அதன் பிறகு வரையவும் இல்லை. இன்று லாரி ஓட்டுகிறான், நல்ல பிள்ளை, குறை இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் என்ன கதை இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்துப் பார்க்காமலே கிழித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். கதவை மறிப்பவர்கள் வெளியே மட்டும் இல்லை.

இந்தக் கெடா மாநிலத்திலேயே எடுக்காத கதைகள் எத்தனை! பெண்டாங் பக்கம் நெல் வயல்தான் அதிகம். தெற்கே குரூண், பீடோங், சுங்கை பட்டாணி என்று போனால் தோட்டத்துக்கு மேல் தோட்டம். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில்தான் போருக்குப் பிறகு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு, எங்கள் குடும்பத்தைக் கெடுக்காதே என்று பால் வெட்டும் தொழிலாளிகளே மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம், சிறை. ‘கூழாங்கல்’ பையனின் அப்பாவைக் குடி எப்படி ஆட்டுகிறது என்று ரோட்டர்டாமில் பார்த்தார்கள். அந்தக் குடியை எதிர்த்து நம் தாத்தாக்கள் கெடாவில் நின்ற கதையை எந்த விழாவிலும் காட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அந்தத் தோட்டங்களைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறினால் பெயர்ப் பலகையும் போய்விடும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. நம் பிள்ளைகள் இங்கே எடுக்கும் தமிழ்ப் படம் திரைக்கு வந்தால் முதல் வாரமே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். பெரிய நடிகர் படத்துக்கு அலோர் ஸ்டார் வரை போகிறோம் அல்லவா? வருடத்தில் ஒரு நாள் இதற்கும் போகலாம். முதல் வாரம் கூட்டம் இல்லாவிட்டால் தியேட்டர்காரர் தூக்கிவிடுவார். அது அவர் வியாபாரம்.

இரண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கைத்தொலைபேசியை எதிரே வைத்து, பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கங்காணி யார், சம்பளம் எவ்வளவு, யார் சயாமுக்குப் போனார், யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். கோலாலம்பூரில் கோமாஸ் அமைப்பு 2003-இல் தொடங்கிய ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் போன்ற விழாக்களில் சாதாரண மக்கள் எடுத்த மனித உரிமைப் படங்கள் எத்தனையோ காட்டியிருக்கிறார்கள். தொடக்கம் இப்படித்தான் இருக்கும். ஒரு பாட்டி, ஒரு கேமரா, ஒரு கேள்வி.

மூன்று. உங்கள் பிள்ளை கிறுக்கினால், கதை சொன்னால், எதையாவது படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினால், கிழிப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். பார்த்த பிறகு கணக்குப் போடச் சொல்லுங்கள், தப்பில்லை.

இன்று நாம் எல்லோரும் திரைக்கு முன்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறோம். எழுத்தும் முகமும் நேராகத் தெரியும். பிள்ளைகளைக் கொஞ்சம் முன்னால் உட்காரவிடுங்கள். படம் முடிந்ததும் உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். தேத்தண்ணி போட்டு வைத்திருக்கிறோம். உட்கார்ந்து பேசுவோம்.

விளக்கை அணைக்கலாம்.