துப்பாக்கி உறையும் செத்த மாடும்

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பத்திப் பேசுவான்னு நினைச்சு வந்திருப்பீங்க. இன்னைக்கு நான் பேசப்போவது தோல் வேலை பற்றி. அதிலும் குறிப்பாக, துப்பாக்கி உறை தைப்பது பற்றி. சிலர் சிரிக்கிறீங்க. சிரிக்கலாம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குள்ளே சாதி, அரசு, ராணுவம், கடன் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கையால் துப்பாக்கி உறை தைப்பது ஒரு பொழுதுபோக்கு. வாத்தியார், மெக்கானிக், ரிட்டயர்டு போலீஸ்காரர் என்று பலரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைக்கிறார்கள். அல் ஸ்டோல்மன் என்பவர் துப்பாக்கி உறை செய்வது எப்படி என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். டான்டி என்ற கம்பெனி 1919-இல் டெக்சாஸில், செருப்புத் தைப்பவர்களுக்குத் தோலும் சாமானும் விற்கிற கடையாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது பொழுதுபோக்குக்காரர்கள் பக்கம் திரும்பியது. போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியில் மனசு தேற தோல் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். கவனியுங்கள். அங்கே தோல் வேலை மருந்து. இங்கே அதே வேலை தீட்டு.

மூன்று வருஷமாக நானும் இதைப் பழகுகிறேன். புத்தகத்தைப் பார்த்து, கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கி, வங்கி விடுமுறை நாட்களில். என்னிடம் துப்பாக்கி கிடையாது. மகளுடைய தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கியை வைத்துத்தான் உறை செய்கிறேன். செருப்பு, பர்ஸ் எல்லாம் விட்டுட்டு ஏன் உறைன்னு கேட்கலாம். தோலின் குணத்தை முழுசா சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

வேலை இதுதான். முதலில் கெட்டி அட்டையில் துப்பாக்கியை வைத்துச் சுற்றி வரைய வேண்டும். துப்பாக்கியின் கனத்துக்கும் தையலுக்கும் இடம் விட்டு வெட்ட வேண்டும். தோல் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் இருக்கணும். பட்டையில் பதனிட்ட தோலாக இருக்கணும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்துமெத்தென்று இருக்கும், சொன்ன வடிவத்தில் நிற்காது. பட்டைத் தோல் அப்படியில்லை. நனைத்து, உள்ளே துப்பாக்கியை வைத்து, விரலாலும் வழவழப்பான எலும்புத் துண்டாலும் அழுத்தினால் விசை, குழல், பிடி எல்லாம் மேலே எழும்பி வரும். காய்ந்ததும் மரம் மாதிரி அப்படியே நிற்கும்.

தையல் இன்னும் அருமை. ஒரே நூல், தேன்மெழுகு தடவியது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். அங்குலத்துக்கு ஆறு தையல். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் மளமளவென்று பிரியும். இதில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஓரத்தை ஈரப்படுத்தி, துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும்.

இதையெல்லாம் அமெரிக்கப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. பட்டையில் பதனிட்ட தோல் என்று அவர்கள் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்களே, அது நம்ம ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலின் சொந்தக்காரத் தோல்தான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் மதராஸிலிருந்து போனது. கொங்கு நாட்டில் மோட்டார் பம்பு வருகிற வரைக்கும் கவலை இறைத்த தோல்பறி எங்க ஆட்கள் தைத்தது. அது கிழிந்தால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் தோட்டம் காயும். அவ்வளவு முக்கியமான தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது என்ன? களத்து மேட்டில் ஒதுங்கி நின்று வாங்கின தானியமும், ஊருக்கு வெளியே ஒரு குடிசையும்.

நான் தோலை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று அம்மா என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாடு வைக்கும்போதுதான் கேட்டது. எங்க வீட்டுப் பேச்சு தெலுங்கு, தமிழில் சொல்றேன். "உங்க தாத்தன் செத்த மாடு தூக்க மாட்டேன்னு சொன்னதுக்குக் கட்டி வச்சு அடிச்சாங்க. உங்கப்பன் அதை வேண்டாம்னு மில்லுக்கு ஓடினான். உன்னை பேனா பிடிக்க வச்சோம். நீ காசு குடுத்து அதே தோலை வாங்கிட்டு வந்து நடு வீட்ல விரிக்கிறியா?"

தோழர்களே, இதை ஒரு தாயின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. இது ஒரு அரசியல் நிலைப்பாடு. 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் நம் மக்களிடம் கேட்டுக்கொண்டதும் இதுதான்: செத்த மாட்டை இழுக்காதே, அதன் கறியைத் தின்னாதே. தொழிலின் பெயரால் சாதி வேலையைப் பங்கு போடவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே தட்டுத்தட்டாக அடுக்கியது என்று 1936-இல் அவர் விளக்கினார். ஆகவே அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் நான் ஊசியைத் தொட முடியாது.

என் பதில் இதுதான். பொழுதுபோக்கு என்றால் என்ன? நினைத்த நேரத்தில் நிறுத்திவிடலாம் என்கிற உரிமை. அவ்வளவுதான். டெக்சாஸ்காரன் பாதி தைத்த உறையை மூலையில் வீசிவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். யாரும் அவன் வீட்டைக் கொளுத்த மாட்டார்கள். சாதித்தொழில் என்றால் என்ன? நிறுத்த முடியாதது. நிறுத்தினால் அடி. சரி, செய்தால் விட்டுவிடுவார்களா? 2002-இல் ஹரியானாவின் ஜஜ்ஜாரில் ஐந்து தலித்துகளைப் பசுவின் பெயரால் அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தில் மோட்டா சமாதியாலா கிராமத்தில் செத்த பசுவின் தோலை உரித்தவர்களைப் பிடித்து, ஊனா நகரத்தில் சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி வைத்து அடித்தார்கள். அதைப் படமும் எடுத்தார்கள். செய்யாவிட்டாலும் அடி, செய்தாலும் அடி. இதுதான் சாதித்தொழிலின் இலக்கணம்.

ஊனாவுக்குப் பிறகு நடந்ததை மறக்கக் கூடாது. செத்த மாடுகளை சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உங்க தாய், நீங்களே அடக்கம் பண்ணுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஆகஸ்ட் 15-இல் ஊனாவில் கூடியவர்கள் இனி இந்த வேலையைச் செய்வதில்லை என்று உறுதி எடுத்தார்கள். கூடவே நிலம் கேட்டார்கள். வேலையை விடுவது பாதிப் போராட்டம். விட்ட கைக்கு நிலம் கேட்பது மீதிப் பாதி.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். உறை இருக்கிறதென்றால் உள்ளே ஆயுதம் இருக்கிறது. அது யார் இடுப்பில் இருக்கிறது? ராணுவ, போலீஸ் அதிகாரிகள் சடங்கு உடையில் தோளுக்குக் குறுக்கே ஒரு தோல் வார் போடுகிறார்கள் இல்லையா, அதன் பெயர் சாம் பிரௌன் பெல்ட். சாம் பிரௌன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858-இல், இங்கே கிளர்ச்சியை ஒடுக்கும் சண்டையில் இடது கையை இழந்தான். ஒற்றைக் கையால் வாளை உருவவும் துப்பாக்கியைத் தாங்கவும் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பிறகு உலகத்து ராணுவங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன. 1860களில் கான்பூரில் ராணுவத்துக்குச் சேணமும் தோல் சாமானும் செய்ய அரசுத் தொழிற்சாலை வந்தது. அந்த நகரத்துத் தோல் தொழிலில் உழைத்த கைகள் பெரும்பாலும் சமார் மக்களின் கைகள். அதே வெள்ளையர் அரசு 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. வீரச் சாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் நமக்கு இடமில்லை. உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1943-இல் சமார் ரெஜிமெண்ட் உருவாக்கினார்கள். போர் முடிந்தது, 1946-இல் கலைத்துவிட்டார்கள். வார் தைக்க நாம் வேண்டும். அந்த வாரைப் போட்டுக்கொள்ள நாம் வேண்டாம்.

துப்பாக்கி யாரிடம் இருந்தது என்பதை 1997 டிசம்பர் 1 ராத்திரி பீகாரில் லக்ஷ்மண்பூர் பாத்தே சொல்லும். நிலவுடைமையாளர்களின் ரன்வீர் சேனா 58 பேரைச் சுட்டுக் கொன்றது. 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் தண்டனை பெற்ற எல்லாரையும் விடுதலை செய்தது. அமெரிக்காவிலும் கதை வேறில்லை. துப்பாக்கி வைப்பது எங்கள் பிறப்புரிமை என்பார்கள். 1967-இல் கலிஃபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் ரோந்து வந்ததும், உடனே அதற்குத் தடைச்சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அன்றைய கவர்னர் ரீகன். உறையைத் தைக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராமல் இருந்தால்தான் அது வெறும் பொழுதுபோக்கு.

மாணவர்கள் கேட்கலாம்: கைத்தொழில் அழிகிறதே, பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டாமா? இந்தக் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-இல் காமராசர் வந்து கைவிட்டார். 2023-இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. 18 தொழில்கள். அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன், 5 சதவீத வட்டி. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வட்டி மலிவுதான். ஆனால் குடும்பத் தொழில், குரு-சிஷ்ய பரம்பரை என்கிறார்களே, அங்கேதான் விஷயம். அப்பன் என்ன செய்தான் என்று கேட்டுவிட்டுத்தான் மகனுக்குக் கடன். தமிழ்நாடு அரசு அந்த நிபந்தனையை எதிர்த்து, அது இல்லாமல் 25 கைவினைகளுக்குத் தனித் திட்டம் போட்டது. நல்லது. ஆனால் நாம் அதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கணும். செருப்பு தைக்கக் கடன் கேட்டு யார் வருகிறார்கள், மற்ற கைவினைக்கு யார் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தால் இன்ஜினியர். தோலை ஏற்றுமதி செய்தால் தொழிலதிபர். தெருவோரம் உட்கார்ந்து வாரு தைத்தால் மட்டும் சாதிப் பெயர். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, சேற்றில் மூழ்கிப் பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தீட்டு தோலில் இருந்தால் ஏற்றுமதியாளர் மேலேயும் ஒட்டியிருக்கணுமே. ஒட்டலையே. ஆக, தீட்டு தோலில் இல்லை. யார் கையில் தோல் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

அதனால் நான் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, எந்தத் தலித்தும் தோலைத் தொட்டே ஆக வேண்டும் என்ற நிலை ஒரு கிராமத்தில்கூட இருக்கக் கூடாது. கலை, மரபு, பண்பாடு என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதை மறுக்க வேண்டும். இரண்டு, அந்த மறுப்பு வென்ற இடத்தில், ஒருவன் தன் விருப்பத்தில் ஊசியை எடுத்தால் அது அவன் உரிமை. பள்ளிக்கூடத்தில் தோல் வேலை சொல்லிக்கொடுப்பதானால் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடு. அக்ரகாரத்துப் பையனும் குத்தூசி பிடிக்கட்டும். அன்றைக்கு அது கைவினை. இந்த வரிசை மாறக் கூடாது. மறுப்பு முதலில், விருப்பம் பிறகு. வரிசையை மாற்றினால் என் பொழுதுபோக்கு என் தாத்தா வாங்கின அடியை நியாயப்படுத்திவிடும்.

ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போவீங்க. உங்க ஊரில் ஒரு மாடு செத்தால் யாருக்கு ஆள் அனுப்புகிறார்கள்? வர மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியுமா? சொன்னால் மறுநாள் அவருக்குக் கூலி வேலை உண்டா, கடையில் கடன் உண்டா? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. நீங்கள் எழுதி வந்ததை நாம் படிப்போம்.