தூத்துக்குடியில் ஒரு ராத்திரி
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



"பயண அனுபவம் ஏதாவது பேசுங்க சார்" என்றார் செயலாளர். கோயிலைப் பற்றிப் பேச இங்கே ஆள் நிறைய உண்டு. நான் லாட்ஜைப் பற்றிப் பேசுகிறேன்.

2025 வைகாசியில் நானும் வீட்டம்மாவும் திருச்செந்தூர் போனோம். அங்கே அறை கிடைக்காமல், நாற்பது கிலோமீட்டர் திரும்பி வந்து தூத்துக்குடியில் தேடினோம். "துறைமுகம் அருகில்" என்று ஒரு போர்டு. அதை நம்பி துறைமுகம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊருக்குள் இருப்பது தோணிகள் போகும் பழைய துறைமுகம். பெரிய கப்பல்கள் வரும் வ.உ.சி. துறைமுகம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது.

இரண்டாவது மாடியில் அறை, வாடகை 900 ரூபாய். "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி" என்றார் கவுண்டரில் இருந்தவர். ஆயிரத்துக்குக் கீழே உள்ள அறைக்கு 2022 ஜூலை வரை வரி கிடையாது. நான் போனபோது 12 சதவீதம். அந்த செப்டம்பரில்தான் 5 ஆகக் குறைத்தார்கள். கணக்குப் போட்டேன், 108 ரூபாய். "பில் வேண்டாம்" என்றேன். வங்கியில் ஆயுசு முழுக்க ரசீது எழுதிக் கொடுத்தவன் நான்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரில் அடங்கவில்லை. 108-க்குப் போன் செய்துவிட்டுக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தேன். வாசல் கிரில் பூட்டியிருந்தது. கவுண்டரில் ஆள் இல்லை. விசிட்டிங் கார்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். கவுண்டர் மேஜை மேலேயே மணி அடித்தது!

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அவர்கள் கிரில்லுக்கு வெளியே, நாங்கள் உள்ளே. கம்பி வழியாகவே கையை விட்டு அவள் நாடியைப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் தங்கியிருந்த லாரி டிரைவர் ஒருவர் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். நாமக்கல்காரராம். அவர் தெருவைப் பார்த்துப் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் எழுந்து ஓடி, சாவி வைத்திருந்த பையனை எங்கிருந்தோ பிடித்து வந்தார். இருபது நிமிஷம் இருக்கும். நெருப்புப் பிடித்திருந்தால் என்று அப்புறம்தான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் தெளிந்துவிட்டாள். திரும்பி வந்து முதலாளியிடம் சண்டை போட்டேன். "நீங்க இங்கதான் தங்கினீங்கங்கறதுக்கு என்ன ஆதாரம் சார்?" என்றார். வாயை மூடிக்கொண்டு பையை எடுத்தேன்.

இப்போது எங்கே போனாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். ராத்திரி வாசல் சாவி யாரிடம் இருக்கும், அவர் எங்கே படுப்பார்? பில் கேட்டு வாங்கியும் விடுகிறேன். முகம் சுளிக்கிற இடத்தில் நாங்கள் தங்குவதில்லை. போன மாசம் நாகப்பட்டினத்தில் மூன்று லாட்ஜ் ஏறி இறங்கினோம். வீட்டம்மாவுக்குக் கால்வலிதான், ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.