பள்ளிக்கு மாதாமாதம் வருமானம் வேண்டும்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பொன்விழா நினைவாக ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு கல்விக்கூடம் கட்டலாம் என்று பெரியவர்கள் பேசி வருகிறீர்கள். மிக நல்ல எண்ணம். கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு கருத்தை மட்டும் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது, நம்மைப் போன்றோர் அனுப்பிய பணத்தில் கட்டிய ஒரு வகுப்பறையைப் பார்த்தேன். திறப்பு விழாக் கல்வெட்டு பளிச்சென்று இருக்கிறது; கதவு பூட்டிக் கிடக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் என் அத்தாவும் ஒருவர்.

பங்களாதேஷ் கிராமங்களில் பள்ளி நடத்திக் காட்டிய அமைப்பு பிராக். அதை நிறுவிய ஃபஸ்லே ஹசன் ஆபித் கணக்காளராக இருந்தவர். 1985இல் 22 பள்ளிகளுடன் தொடங்கினார்கள். கட்டடம் கட்டவில்லை, கிராமத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். ஓர் அறைக்குச் சுமார் 30 பிள்ளைகள். பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். ஆசிரியையும் உள்ளூர்ப் பெண்தான். ஒரு பிள்ளை வராவிட்டால் யார் வீடு என்று அவருக்குத் தெரியும். வீட்டு வேலை, வயல் வேலை பார்த்துப் பெற்றோருடன் பேசியே பள்ளி நேரத்தை வைத்தார்கள். இப்படித்தான் அது பல்லாயிரம் பள்ளிகளாகப் பெருகியது. ஆனாலும் நன்கொடை குறைந்த பிறகு, பல இடங்களில் பெற்றோரிடம் கட்டணம் வாங்க வேண்டி வந்தது.

நம் ஊரில் இதை அப்படியே செய்ய முடியாது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் இல்லாமல் தொடக்கப்பள்ளி நடத்தக்கூடாது. தேவையும் இல்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். மதரஸா நேரத்துக்கு இடையூறில்லாமல் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் மாலை வகுப்பை நாம் நடத்துவோம். பாடம் சொல்லித்தர, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்களே போதும்.

சம்பளத்துக்கு என்ன வழி? அதை நம் முன்னோர் எப்போதோ காட்டிவிட்டார்கள். வக்ஃபில் முதல் அப்படியே நிற்கும். வருமானம் மட்டுமே செலவாகும். வசூலாகும் பணத்தில் ஊர்க் கடைத்தெருவில் ஒரு கடை வாங்கி வக்ஃப் செய்வோம். அந்த வாடகையில் ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுப்போம்.

இரண்டு நிபந்தனைகள். உறவுக்காரர் என்று யாருக்கும் குறைந்த வாடகைக்கு விடக்கூடாது. பழைய வாடகையிலேயே கிடந்து வீணான வக்ஃப் கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அடுத்து, வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும்.

வாடகைக் கடையில் நம் பெயரைக் கல்லில் பொறிக்க இடமிருக்காது என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். அத்தாவின் பெயர் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் உள்ளே பிள்ளைகள் இல்லை.

மறைந்த பிறகும் நன்மை தொடர்ந்து வரும் ஸதக்கத்துல் ஜாரியாவாக இம்முயற்சியை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.