உயிரணுவின் உள்ளே கண்ட அம்மையார்



நாம் வாழும் இப்பெங்களூரில் 1934-இல் சர் சி. வி. இராமன் இந்திய விஞ்ஞான அகாடமியை நிறுவினார். மறு ஆண்டே அதில் இடம்பெற்றவர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

1897-இல் தலைச்சேரியில் பிறந்த அம்மையார், சென்னையில் கற்றுக் கடல் கடந்து, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தார். உருப்பெருக்கியின்கீழ் உயிரணுவினுள் மரபைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணினார். எச்செடிக்கு எச்செடி உறவு என்பதை அறிய அவ்வெண்ணிக்கை துணைசெய்யும். குண்டுகள் வீழ்ந்த இலண்டனிலும் அப்பணி நிற்கவில்லை. பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி, டார்லிங்டனோடு 1945-இல் பெருநூல் வெளியிட்டார். பின்னர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984-இல் மறையும்வரை, சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆராய்ச்சியே வாழ்வாய் இருந்தார்.

மணவாழ்வே பெண்ணின் எல்லை என்றிருந்த நாளில், மணம் புரியாது கல்வியை நாடியவர் அவர். இன்றும் மகளை வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்கத் தயங்கும் இல்லங்கள் நம்மிடையே உள. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தவர் நாம். கல்வியை நாடிப் புறப்படும் மகளைத் தடுத்தல் தகுமோ? அவளை வாழ்த்தி வழியனுப்புவோம்.