மலையேறும் மீன்குஞ்சு

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறிப் பாத்திக்கு அருகே ஒரு சின்னக் குளம் வெட்டி மீன் வளர்க்க நினைப்பவர்கள், என்ன மீன் விடலாம், என்ன தீனி போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். குஞ்சை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பவர்கள் குறைவு. புதுக்குளத்தில் முதல் வாரம் மிதக்கும் குஞ்சுகளில் பெரும்பகுதி பயணத்தில் பட்ட பாட்டால் செத்தவை என்பது என் உறுதியான எண்ணம். பழி மட்டும் குளத்துத் தண்ணீரின் மேல் விழுகிறது. உயிர்மீனைச் சுமப்பது ஒரு தனிக் கலை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் மலைநாட்டுக்கு இந்தக் கலை புதிதல்ல. 1880களில் இங்கிலாந்திலிருந்து நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் மீன் முட்டையாக வந்தது. அதற்கு வழிகாட்டியது 1864இல் லண்டனிலிருந்து புறப்பட்ட நோர்ஃபோக் என்ற கப்பல். சல்மன், ட்ரவுட் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, மரப்பெட்டியில் இட்டு, பனிக்கட்டி அறையில் வைத்து, ஏறத்தாழ மூன்று மாதப் பயணத்தில் அவற்றை உயிரோடு தஸ்மேனியாவில் சேர்த்தார்கள். முட்டை மீனைவிடக் குறைவாகச் சுவாசிக்கும், குளிரில் இன்னும் குறைவாகச் சுவாசிக்கும். அந்த இரண்டு உண்மைகளை நம்பி உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மீனைக் கொண்டுபோன அந்த மனிதர்களை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்புத்தான். நீலகிரியில் ட்ரவுட்டைக் குடியேற்ற 1860களில் செய்த முயற்சி தோற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மீண்டும் முயன்றபோது, நம் இலங்கையிலிருந்தும் முட்டைகள் போயின.

வங்காளத்துக் குஞ்சு வியாபாரிகளின் வழி வேறு. மண்பானைகளில் குஞ்சை நிரப்பி, காவடித்தடியில் தொங்கவிட்டு நடப்பார்கள். நடையின் குலுக்கலில் தண்ணீரும் குலுங்கும். நின்ற இடத்தில் கையால் தட்டித் தட்டி அலை எழுப்புவார்கள். காற்றைத் தண்ணீருக்குள் சேர்க்கும் வேலையைக் காலும் கையும் செய்தன. இன்றைய பொலித்தீன் பைக்குள் அடைக்கும் ஒட்சிசன் அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறது. மற்றக் கவனங்களில் ஒன்றும் குறையவில்லை.

இந்தக் கவனம் பயணத்துக்கு முதல்நாளே தொடங்குகிறது. குஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு நாள் தீனியை நிறுத்திவிட வேண்டும். வயிறு நிறைந்த மீன் வழியெல்லாம் கழித்துக்கொண்டே வரும். அந்தக் கழிவு அமோனியாவாகி அதையே வருத்தும். நல்ல குஞ்சு நிலையங்களில் குஞ்சைக் குளத்திலிருந்து வாரி நேரே பையில் போடமாட்டார்கள். தொட்டியில் நெருக்கமாக, ஓடும் தண்ணீரில் சில மணி நேரம் வைப்பார்கள். நெருக்கம் பழகும், வயிறு காலியாகும், பலவீனமான குஞ்சு அங்கேயே அடையாளம் தெரிந்துவிடும். தீனியை எப்போது நிறுத்தினீர்கள் என்று வாங்கும் இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் தடுமாறினால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை. அடி மூலைகளை மடக்கிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் மூலையில் ஒதுங்கி நசுங்கும். எத்தனை குஞ்சு என்பதைவிட எவ்வளவு எடை என்று பாருங்கள். இரண்டு அங்குலக் குஞ்சைவிட நான்கு அங்குலக் குஞ்சு நீளத்தில் இரு மடங்கு, எடையிலோ ஏறத்தாழ எட்டு மடங்கு. பெரிய குஞ்சாக வாங்கி நேரத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். அடைத்த ஒட்சிசன் தீராமலேயே மீன் செத்துப்போகலாம். அது விடும் காபனீரொட்சைட்டு பைக்குள் தேங்கும்போது, சுற்றிலும் ஒட்சிசன் இருந்தும் மீனின் இரத்தத்தால் அதை எடுக்க முடியாமல் போகும்.

இனி, கீழ்நாட்டுக்காரர் அறியாத நம் மலையின் சங்கதி. தம்புள்ளைக் குஞ்சு நிலையத்தில் கட்டிய பை மாத்தளை, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக ஏறி வருகிறது. இருநூறு மீற்றருக்கும் குறைந்த உயரத்திலிருந்து ஆயிரத்து நூறு மீற்றருக்கு மேல். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், ஹட்டன் பஸ்ஸில் வரும் மிக்சர் பக்கெட் மாதிரி மீன்பையும் உப்பும். குளிர் கொஞ்சம் சுருக்கினாலும், முடிவில் காற்றின் பருமன் பத்தில் ஒரு பங்களவு கூடியிருக்கும். எனவே மேளம்போல் இறுக அடைத்த பையை வாங்காதீர்கள், விரலால் அமுக்கினால் பள்ளம் விழவேண்டும். அதே உயரம் நம் குளத்துக்கும் ஒரு குறை வைத்திருக்கிறது. 20 பாகை செல்சியசில் கடல்மட்டத்துத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைத்தால், டிக்கோயாத் தண்ணீர் 8 மில்லிகிராமைப் பிடிப்பதே அரிது. அதனால் குளத்தில் விடும் குஞ்சின் தொகையிலும் ஆசையை அடக்கவேண்டும்.

குளிர் வழியில் நமக்குத் துணை. கீழிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, பைகளைக் கடதாசிப் பெட்டியில் வைத்து, ஈரச்சாக்கு போர்த்தி வந்தால் குஞ்சு அமைதியாக வரும். வந்து சேர்ந்ததும் அதே குளிர் எதிரியாகலாம். 28 பாகைத் தண்ணீரில் இருந்ததை 19 பாகைக்குள் கொட்டினால் அந்த அதிர்ச்சியில் உடனே சாகாவிட்டாலும், நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்துச் சாகும். கட்டை அவிழ்க்காமல் பையைக் குளத்தில் நிழலான இடத்தில் மிதக்க விடுங்கள். இவ்வளவு வித்தியாசத்துக்கு அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். பையின் மேலும் குளத்துத் தண்ணீரிலும் கையை வைத்துப் பார்த்து ஒரே குளிர் என்று தெரிந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.

அவிழ்த்த பிறகு தாமதம் கூடாது. பலர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பை கோப்பையாக நீண்ட நேரம் குளத்துத் தண்ணீர் சேர்ப்பார்கள். குறுகிய பயணத்துக்கு அது சரி. நாள் முழுக்க வந்த பைக்கு அது ஆபத்து. மூடிய பையில் காபனீரொட்சைட்டு தண்ணீரைச் சற்று அமிலமாக்கி, அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் அந்த வாயு பறந்துவிடும், நஞ்சு தலையெடுக்கும். ஓரிரு முறை தண்ணீர் கலந்து, பையைச் சாய்த்து, குஞ்சு தானாக நீந்திப் போக விடுங்கள். பையின் தண்ணீரை முடிந்தவரை குளத்தில் சேராமல் வெளியே ஊற்றிவிடுங்கள். அன்று தீனி வேண்டாம்.

எந்த மீன் என்றும் ஒரு சொல். திலாப்பியா சூடு விரும்பி. நம் மார்கழி, தை இரவுகளில் அது தீனியெடுக்காமல் சுருண்டு கிடக்கும். 1915இலேயே இந்நாட்டுக்கு வந்த சாதாரண கெண்டைக்கு இந்தக் குளிர் பொருந்தும். நக்டா என்று நாம் சொல்லும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபைக்கு நுவரெலியாவிலேயே நிலையம் உண்டு. குளிரில் பிறந்த குஞ்சு அங்கே கிடைக்குமானால் தம்புள்ளைக்கு ஓடத் தேவையில்லை.

குளம் புது சீமெந்துத் தொட்டியானால் பலமுறை நிரப்பி வடித்துச் சுண்ணாம்புக் காரம் போன பிறகு, நாலைந்து குஞ்சை மட்டும் விட்டு ஒரு வாரம் பாருங்கள். மலையில் மருந்தடிக்கும் காலத்தில் கானில் வரும் தண்ணீரைக் குளத்துப் பக்கம் திருப்பாதீர்கள். குளத்திலிருந்து வழியும் தண்ணீர் கடைசியில் கெஹெல்கமு ஓயாவையும் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும்தான் சேரும். நம் ஓடைகளில் இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத சிறுமீன்கள் வாழ்கின்றன. வெளியிலிருந்து வந்த மீன் அவற்றின் இடத்தில் புகவே கூடாது. வைகாசி மழை பிடிக்குமுன் வழிவாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். மழை நாளில் சருகு அடைத்துத் தண்ணீர் வரம்பு தாண்டாமல், காலையும் மாலையும் அந்த வலையைத் துடைத்துவிடுங்கள்.