கடைச்சரக்கும் கடைப்பிடிக்கும் அறமும்



விழா மேடையில் பலசரக்குக் கடையைப் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கலாம். இல்லறத்தாரின் கொல்லாமை நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் சமையலறை. சமையலறைக்குள் எது நுழையலாம் என்பது இன்று கடையில் முடிவாகிறது. ஆகவே கடையைப் பற்றிப் பேசுவதும் அறத்தைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

வாலாஜாபாத் வட்டத்துத் தென்னேரி, தன் பேரேரியால் பெயர் பெற்ற ஊர். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி எனப்பட்டது பின்னர்த் தென்னேரி ஆயிற்று என்பது வழிவழிச் செய்தி. ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லே அப்பகுதி இல்லங்களின் முதற் சேமிப்பு. குதிரில் நெல், பானையில் பருப்பு, சாடியில் புளி, வெயிலில் காய்ந்த மிளகாய் என ஆண்டுக்கு வேண்டியவை வீட்டுக்குள் வந்தன. வந்தவை அனைத்தும் முழுப் பொருள்கள். துவரை துவரையாகவும் மிளகு மிளகாகவும் கண்ணுக்குத் தெரிந்தன. முறத்தில் புடைத்து, கல்லும் புழுவும் நீக்கி, உலர்த்தி, வேப்பிலை இட்டு வைத்தார்கள். கண்ணாலும் கையாலும் ஆராயாத எதுவும் அடுப்பங்கரையை அடையவில்லை.

சமண இல்லங்களில் இந்த ஆராய்ச்சி மேலும் ஒரு படி சென்றது. நீரை ஆடையில் வடித்தே பயன்படுத்தினர். வடித்த துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே கொண்டு சேர்த்தனர். அரைத்த மாவுக்கும் கால வரம்பு இருந்தது. மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்பது அவ்வரம்பு. ஈரம் மிகுந்தால் மாவில் உயிர்கள் தோன்றும். தோன்றியவை சமைக்கும்போது மடியும். நிறையச் சேமிப்பது திறமை என்று உலகம் கருத, அளவறிந்து சேமிப்பதே அறம் என்று அவ்விதி கற்பித்தது.

இன்று அதே தென்னேரியைச் சூழ்ந்த நிலம் வேறு முகம் கொண்டுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை 2007-இலும், ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010-இலும் இயங்கத் தொடங்கின. அவற்றில் பணிபுரிய வந்த கொரியரும் ஜப்பானியரும் தம் உணவையும் உடன் கொணர்ந்தனர். திருப்பெரும்புதூர், சென்னைப் பகுதிகளில் அந்நாட்டு உணவகங்களும் பலசரக்குக் கடைகளும் தோன்றின. கொரியத் தொடர்களைக் காணும் இளையோர்க்கு நூடுல்ஸும் கிம்ச்சியும் அறிமுகமான பெயர்கள் ஆயின. சிங்கப்பூர்த் தேக்கா, இலண்டன் சவுத்தால், சிகாகோ டெவன் அவென்யூ ஆகிய இடங்களுக்குச் சென்ற தமிழர் சந்தித்த ஆசிய மளிகைக் கடை, இப்போது காஞ்சி மாவட்டத்தின் வாயிலுக்கே வந்துவிட்டது.

அக்கடையில் பொருளைக் கண்ணால் கண்டு தெளிய இயலாது. அப்பளம் போல் வெண்மையாக இருக்கும் வட்டம், இறாலை அரைத்துச் செய்ததாக இருக்கலாம். காய்கறி ஊறுகாய் போல் தோன்றும் கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ கலக்கப்படுகிறது. தாய்லாந்துக் குழம்பு விழுதில் மிளகாயுடன் இறால் விழுதும் சேர்வது வழக்கம். மலாய்ச் சமையலின் பெலாச்சானும் இறால் விழுதே. ஜப்பானியச் சூப்புக்கு அடிப்படையான டாஷிச் சாறு, உலர்த்திய சூரை மீன் சீவலில் எடுக்கப்படுவது. சில மிசோ விழுதுகளில் அது முன்னரே கலந்திருக்கும். உறையின் முகப்பில் காய்கறிப் படம் இருப்பதால் உள்ளே காய்கறி மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாகாது.

இந்தியாவில் விற்கும் உறைகளில் பச்சைப் புள்ளி உண்டே என்று கேட்கலாம். அது நல்ல காவல்தான். புலால் உணவைக் குறிக்கும் பழுப்பு அடையாளம் 2001-இல் கட்டாயம் ஆனது. பச்சை அடையாளம் அதைத் தொடர்ந்து வந்தது. 2020-ஆம் ஆண்டு விதிகள் பழுப்பு வட்டத்தைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. அயல்நாட்டுப் பொருளும் இங்கு விற்கப்படும்போது இவ்வடையாளத்தை ஏற்க வேண்டும். இறக்குமதியாளர் ஒட்டிய சிறு தாளில் அது காணப்படும். அத்தாள் இல்லாத உறையை வாங்காதிருப்பதே நலம்.

ஆயினும் பச்சைப் புள்ளி அரசின் வரையறை. சமண நெறியின் வரையறை அன்று. புலால் உணவு எது என்று வகுக்கும் அவ்விதி, பாலையும் பால் பொருளையும் விலக்குவதோடு தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றையும் விலக்கி வைக்கிறது. அதாவது தேன் கலந்த பண்டமும், அரக்குப் பூசிப் பளபளப்பாக்கிய மிட்டாயும் பச்சைப் புள்ளி பெறலாம். கள், ஊன், தேன் மூன்றையும் துறத்தலை இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கமாகக் கொண்ட நெறிக்கு அப்புள்ளி போதாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு, காளான் ஆகியவற்றை நீக்குவோர்க்கும் அது வழிகாட்டாது. நோன்பின் அளவு இல்லத்துக்கு இல்லம் வேறுபடும். எந்த அளவினரும் உறையின் பின்புறத்தைப் படித்தே ஆகவேண்டும்.

பின்புறத்தில் பெயர்களுக்குப் பதில் எண்களும் இருக்கும். இந்தியாவில் ஐ.என்.எஸ். என்றும், ஐரோப்பாவில் ஈ என்றும் அவை தொடங்கும். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 901 தேன்மெழுகு; 904 அரக்கு. 920 ரொட்டி மாவை மென்மையாக்கச் சேர்ப்பது. பறவை இறகிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. 471, 631 ஆகியவை தாவர மூலமாகவும் உயிரின மூலமாகவும் இருக்கலாம்; உறையில் விளக்கம் இல்லையெனில் தவிர்ப்பது தெளிவு. ஜெலட்டின் எலும்பும் தோலும் கொண்டு ஆக்கப்படுவது. அதற்கு மாற்றாகக் கடற்பாசியின் அகர் 406 என்றும், பழத்தின் பெக்டின் 440 என்றும் குறிக்கப்படும். இந்த எட்டு எண்களை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். மனப்பாடம் செய்வதும் கடினம் அன்று.

அயல்நாடுகளில் பச்சைப் புள்ளி கட்டாயம் இல்லை. எனினும் வேறொரு துணை உண்டு. ஒவ்வாமை உள்ளோரின் நலம் கருதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகைப் பொருள்களை உறையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். மீன், முட்டை, இறால், நண்டு, சிப்பி ஆகியவை அவற்றுள் அடங்கும். அமெரிக்காவில் இப்பட்டியல் 9 வகை கொண்டது. மீனும் முட்டையும் இறால், நண்டு வகையும் அதில் உண்டு, சிப்பி வகை இல்லை. ஆகவே அங்குச் சிப்பிச் சாஸை அறிய முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். பிறர் நோய்க்காக இயற்றிய விதி, அறம் காப்போர்க்கும் பயன்படுவது நல்வாய்ப்பே.

கிழக்காசியக் கடைகள் முழுவதும் அயன்மையானவை என்று அஞ்சவும் வேண்டா. சீன பௌத்த மரபிலும் புலால் நீக்கிய சமையல் உண்டு. 'சூ' என்று ஒலிக்கும் சீன எழுத்து பொறித்த பொருள்கள் அம்மரபைச் சார்ந்தவை. அவற்றுள் பல வெங்காயம், பூண்டு முதலிய ஐந்து கார வகைகளையும் நீக்கியவை. தாய்லாந்தில் 'ஜே' உணவைக் குறிக்கும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தும் அத்தகையதே. பௌத்தரின் புலால் உணவை நீலகேசி வாதிட்டு மறுத்த வரலாற்றை அறிந்தோர்க்கு, அப்பெயரால் அமைந்த வேறொரு மரபு பூண்டும் நீக்கி உண்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் அவ்வகைப் பொருள்களில் காளான் மிகுதி. முட்டையோ பாலோ சேர்ந்தவையும் உண்டு. அங்கும் பின்புறத்தைப் படிப்பது கடமை.

எதை வாங்குவது என்பதற்கு அடுத்து நிற்பது, எவ்வளவு வாங்குவது என்பது. தொலைவிலுள்ள கடைக்குத் திங்களுக்கு ஒருமுறை செல்லும் குடும்பம், தள்ளுவண்டி நிறைய வாங்கி வருகிறது. சலுகை விலை என்பதால் இரண்டு பை மாவு. ஒன்று வண்டு விழுந்து குப்பைக்குப் போகிறது. அங்கே வீணாவது பணம் மட்டும் அன்று. பொருள் வரைதல் என்னும் நோன்பும், நுகர்ச்சிக்கு எல்லை வகுத்தலும் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டதன் காரணம் அந்த மாவுப் பைக்குள்ளேயே தெரிகிறது. முழுத் தானியத்தை அளவாக வாங்கி, வேண்டியபோது அரைத்துக்கொள்ளும் வீட்டில் இவ்விழப்பு குறையும்.

கொல்வோர் மீது மட்டுமே பழியைச் சுமத்தித் தப்ப முடியாது என்பதைத் திருக்குறள் புலான்மறுத்தல் அதிகாரம் தெளிவாக்கியுள்ளது. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்பது அதன் கருத்து. கடையில் நீளும் கை, அச்செயலுக்கு விடை கூறும் கை.

இதில் இழக்கக்கூடியது இளைய தலைமுறையின் நம்பிக்கை. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம், வேலைக்குச் சென்ற மகனிடம், "அதை உண்ணாதே" என்று மட்டும் கூறினால், பெற்றோர் காணும் வரைதான் அது நிற்கும். அன்று பாட்டி பேத்தியை அருகில் அமர்த்தி முறம் பிடிக்கக் கற்பித்தாள். தடை விதித்ததோடு நிற்கவில்லை. இன்று அந்த இடத்தில் இருப்பது உறையின் பின்புறம். குழந்தைகளைக் கடைக்கு அழைத்துச் சென்று, ஒரு நூடுல்ஸ் உறையை அவர்கள் கையில் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது, படித்துச் சொல்லம்மா" என்று கேட்டால் போதும். தானே படித்துத் தானே திருப்பி வைத்த குழந்தை, சியோலிலும் சிகாகோவிலும் அவ்வாறே செய்யும். அயலார் உணவை இழித்துரைக்கவும் கற்பிக்க வேண்டா. தன் நெறியைப் பணிவோடு கூறத் தெரிந்தால் நண்பர்களும் மதிப்பர்.

நீரை வடித்துப் பருகியவர்களின் வழித்தோன்றல்கள், உறையைப் படித்து வாங்குவார்களாக. தேவைக்கு மேல் சேர்க்காத வீடுகள் பெருகுக.

கொல்லாமை ஓங்குக! அறம் வளர்க!